வேன் பிடித்து வருகிறவர்கள்

என் கண்ணு,

இதைப் பிரிக்கும்போது நீ அலுவலகத்தில் இருந்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிடு. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படி. போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். நானும் "சரி சாமி, வெச்சர்றேன்" என்று வைத்துவிடுகிறேன். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்த காலமெல்லாம் எழுதியே பழகிய கை இது. வாய் முழுங்கிவிடுவதை இந்தக் கை எழுதிவிடும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்று நாமக்கல் டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து நீ ஓய்ந்து உட்காரவில்லை. சென்னையில் மருத்துவமனை பார்த்தாய், டாக்டர் பார்த்தாய், தனி அறைக்குச் சொல்லி வைத்தாய். என் மருமகள் வித்யா விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். உன் அப்பா இருந்திருந்தால்கூட இத்தனை விரைவாகச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அவர் லாரியை எடுத்தால்தான் வேகம், மற்றதற்கெல்லாம் ஆற அமர யோசிக்கிற மனுஷன். எனக்கு உங்கள் இருவர் மீதும் ஒரு குறையும் இல்லை. நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அம்மா, ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா மறுபடியும் வேன் பிடிச்சுட்டு வந்துடுவாங்க." நான் சரி என்றேன். அந்தச் சரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பைக்கில் இருந்து விழுந்து நீ காலை உடைத்துக்கொண்டபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. நான் உனக்குத் துணையாகச் சென்னைக்கு வந்து சேர்ந்த மறுநாளே, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். உன் சரோஜா அத்தைதான் தலைமை. வெங்காயக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் அல்லவா, வேனுக்கு ஆள் சேர்ப்பது அவளுக்கு ஒரு வேலையா? ஒருத்தர் கையில் பிரெட்டும் ஆரஞ்சும். இன்னொருத்தர் தவிட்டுக்குள் புதைத்த நாட்டுக்கோழி முட்டை. கொல்லிமலை வாழைத்தார் ஒன்று லிப்டுக்குள் ஏறி வந்ததைப் பார்த்து அங்கிருந்த காவலாளியே வாயைப் பிளந்துவிட்டார். உன் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு "எப்படிடா சாமி உழுந்த?", "எந்தக் கண்ணு பட்டுச்சோ", "கொழுப்பு எடுத்துப் போய் வேகமா ஓட்டியிருப்பே" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெண்கள் இரண்டு பேர் அழவும் ஆரம்பித்துவிட்டார்கள். உடைந்தது கால்தான், உயிருக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்போதுதான் அந்த நர்சம்மா வந்து, "இது ஆஸ்பத்திரியா, சந்தையா? யாரு இவங்கெல்லாம்? பேஷண்டுக்கு இன்பெக்‌ஷன் ஆனா யார் பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அங்கே போய் நாம் அப்படிக் கூடியிருக்கக் கூடாது. சரோஜாதான் சட்டென்று, "சரி சரி, தம்பி தூங்கட்டும், வாங்க போலாம்" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டு போனாள். அவர்கள் போன பிறகு வித்யாவின் அப்பா என்னிடம் கேட்டார்: "இத்தனை பேர் வந்திருக்காங்களே, இவங்களுக்கெல்லாம் ஊர்ல வேலை ஒண்ணும் இருக்காதா?" சம்பந்தி நல்ல மனுஷர். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வந்தவர்கள் எல்லாம் அன்றாடம் காட்டு வேலைக்கும் கோழிப்பண்ணைக்கும் போனால்தான் அடுப்பு எரிகிறவர்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

நம் பக்கத்து ஜனங்களைப் பற்றி வெளியே இருக்கிறவர்களுக்கு இரண்டு எண்ணம்தான் கண்ணு. நாமக்கல் என்றால் முட்டை, லாரி. அதோடு முடிந்தது. அதற்கு மேல் யாராவது பேசினால், "உங்க ஊர்க்காரங்க ரொம்ப மரியாதையா பேசுவாங்கல்ல" என்பார்கள். நன்றாகப் பழக்கிய மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரிதான் எனக்கு அது படும். ஏனென்றால் அதே வாய்தான் டிவியில் ஒரு வெகுளி வந்து "ஏனுங்க" என்று இழுத்ததும் சிரிக்கிறது. ஏமாறுகிறவனுக்கும் வாயைப் பிளந்து நிற்கிறவனுக்கும் எங்கிருந்தோ நம் பேச்சைத்தான் எடுத்து மாட்டிவிடுகிறார்கள். எங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் பார்வையிட வந்த ஒரு அதிகாரியம்மா என் முன்னாலேயே தன் கூட வந்தவரிடம், "இந்த ஜனங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கூட்டம் கூடணும்" என்றார். நானும் இந்த ஜனம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் அவரிடம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால் நீ கல்லூரி விடுதிக்குப் போன முதல் வருஷமே பேச்சை மாற்றிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பொங்கலுக்கு வந்தவன் "வீட்டுக்கு யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாய். உன் அப்பா என்னைப் பார்த்து, "ஏன் புள்ள, நம்மூட்டுக்கு எந்த ஊரு ஆப்பீசரு வந்திருக்காரு?" என்று கேட்டுச் சிரித்தார். உன் முகம் சுருங்கிப் போனது. நீ வெளியே போன பிறகு அவரும் சிரிப்பை விட்டுவிட்டார். "படிக்கற எடத்துல பசங்க கேலி பண்ணியிருப்பானுங்க. பாவம், உடு" என்றார். அதற்குப் பிறகு உன் பேச்சை வைத்து அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

அவருக்கு நெல்லூர்ப் பக்கம் லாரி கவிழ்ந்தபோது நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். இடுப்பு எலும்பு விட்டுப்போய்ச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களைப் பற்றி உனக்கு நினைவிருப்பது, தினமும் ஒவ்வொரு வீட்டில் சாப்பிட்டது மட்டும்தான் என்று ஒருமுறை சொன்னாய். அது சந்தோஷமான நினைவாகவே இருக்கட்டும். ஆனால் அந்த நேரத்தில் காட்டில் வெங்காயம் பிடுங்குகிற பக்குவத்தில் நின்றது. ஒரு மழை பெய்திருந்தால் அத்தனையும் அழுகியிருக்கும். நான் ஆஸ்பத்திரியை விட்டு அசைய முடியாது. சரோஜா தன் ஆட்களைக் கூட்டிப் போய்ப் பிடுங்கி, தாள் அறுத்து, அழுகாமல் இருக்கப் பட்டறையாகக் குவித்து மூடிவிட்டுத்தான் எனக்குச் சேதியே சொன்னாள். ஊரிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கிற ராமசாமி என்று ஒருவர் இருந்தாரே, அவர் வாரம் தவறாமல் வருவார். கால்மாட்டில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பொழுது சாய்ந்ததும் "அப்ப நான் வாரனுங்க" என்று எழுந்து போவார். இந்த மனுஷன் எதற்காக இத்தனை தூரம் பஸ் ஏறி வருகிறார் என்று எனக்கே ஒருநாள் சலிப்பாக இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். "அவன் உக்காந்திருந்தா வலி கொஞ்சம் கம்மியா இருக்குது புள்ள" என்றார்.

நம் ஆட்களை ஒரேயடியாக மெச்சுகிறேன் என்று நினைக்காதே. நோயாளியைப் பார்க்க வந்து, அதே நோயில் செத்தவர்கள் கதையை எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடம் உண்டு. வந்தது யார், வராதது யார் என்று மனசுக்குள் முடிந்து வைத்திருப்பார்கள்; நானும் வைத்திருக்கிறேன். தூங்குகிறவனை எழுப்பி "தூங்கறயா சாமி?" என்று கேட்பார்கள். இதெல்லாம் உனக்கும் தெரியும், இதனால்தான் உனக்கு எரிச்சல். ஆனால் இன்னொன்றை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பார்க்க வராததைக்கூட மன்னித்துவிடுவார்கள், சொல்லாததை மன்னிக்க மாட்டார்கள். கீழத்தெருவில் உன்னோடு படித்த பையன் வீட்டில் அவன் அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்ததை யாருக்கும் தெரியாமல் முடித்துவிட்டு வந்தார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. "எங்கள ஒரு ஆளா நெனைக்கல போலிருக்குதுங்க" என்றதோடு சரி. அடுத்து அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே போனது. ஆனால் முதல்நாளே போய்க் காய் நறுக்க ஆள் இல்லை, பந்தியில் நின்று பரிமாற ஆள் இல்லை. விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு விருந்தாளியாகத் திரும்பினார்கள். நம் பக்கம் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இத்தனையும் தெரிந்தும்தான் உனக்குச் சரி சொன்னேன். உனக்காக அந்தத் தண்டனையையும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பேத்தியைப் பார்க்க மெட்ராஸ் போகிறேன், வர ஒரு மாசம் ஆகும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். சொன்ன பிறகுதான் வினையே. ஒவ்வொருத்தியும் பாப்பாவுக்கு என்று எதையாவது கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தாள். ஒருத்தி தேன்மிட்டாய், ஒருத்தி பாவாடை தைத்து எடுத்து வந்தாள். வாங்கி வாங்கி அலமாரியில் வைக்கும்போது கை கூசியது. திருடிக் கொண்டுவந்து வைக்கிற மாதிரி இருந்தது.

போன வெள்ளிக்கிழமை சரோஜா வந்தாள். பாப்பாவுக்குக் கம்பு மாவும் முட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு, காட்டு வேலையை முடித்த கையோடு வந்திருந்தாள். "ஒரு மாசமுங்களா அண்ணி? மருமவ பாவமுங்க" என்று கேலி செய்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஒடம்புக்கு என்னங்க அண்ணி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் உடைந்துவிட்டேன் கண்ணு. கட்டியையும் சொன்னேன், ஆபரேஷனையும் சொன்னேன், அதற்குப் பிறகு வரப்போகிற பரிசோதனையையும் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. அதற்கு நீ என்னைத் திட்டிக்கொள்.

அவள் ஊரைக் கூட்டுவாள், "எனக்குக்கூடச் சொல்லாம உட்டீங்களே" என்று சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "தம்பி சொல்ல வேண்டாம்னு சொல்லுச்சுங்களா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்: "அன்னைக்கு அந்த நர்சம்மா யாரு இவங்கெல்லாம்னு கேட்டப்ப, தம்பி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சுங்க. நான் பாத்தனுங்க. நம்மளால அதுக்கு வெக்கமாப் போச்சுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல அங்க நிக்கறது அழகில்லைன்னுதான் எல்லாத்தையும் கெளப்பிக் கூட்டியாந்தேன். கடலப் பாக்கலாம்னு ஆசையா வந்தவங்க அண்ணி எல்லாரும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. வண்டிய நேரா ஊருக்குத் திருப்பச் சொல்லிட்டோம்."

"எல்லாருக்குமா தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்களுக்கு மனசு சங்கடமாப் போயிருமேன்னு யாரும் சொல்லல. அது சின்னப் புள்ளதானுங்க, பெரிய எடத்துல இருக்குது, அதும் பாடு அதுக்கு. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க. இந்தத் தடவ நாங்க ஒருத்தரும் வரலீங்க. நான் பேசிக்கறேன் எல்லாத்துகிட்டயும்." கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முட்டையைத் தவிட்டோடேயே கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "பாப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்கிறார்களே தவிர என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடக்கிறார்கள். எதையும் வாய்விட்டுக் கேட்டே பழகியவர்கள், உனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. உனக்குப் பால் கொடுக்க முடியாமல் நான் காய்ச்சலில் கிடந்தபோது ராவும் பகலும் உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பினாயா என்று கேட்க போனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். கால் உடைந்து வலியில் கிடந்தவன் நீ. மாமனார் பக்கத்தில் நிற்கிறார், கூட வேலை செய்கிறவர்கள் நிற்கிறார்கள், ஒரு வெள்ளை உடுப்பு எல்லோர் முன்னாலும் சத்தம் போடுகிறது. உலகமே ஒன்றைப் பார்த்துச் சிரிக்கும்போது அது என்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல எல்லோராலும் முடிவதில்லை. அதிகாரியம்மா முன்னால் நான் சொன்னேனா? நீ கெட்டவன் இல்லை சாமி. அதை எனக்குச் சொல்லித் தந்ததே சரோஜாதான். உன் மேல் அவளுக்கு இம்மியும் வருத்தம் இல்லை. அவர்கள் வந்தபோது நீ பட்ட சங்கடத்தைப் பெரிசாக நினைத்தாய். வராமல் இருக்க அவர்கள் படுகிற பாட்டை நான் இங்கே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் கேட்பதைக் கேள். நான் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். "தம்பிக்குச் சங்கடமுங்க" என்று சொல்லிவிடுவாள், அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். நீ கூப்பிட்டால்தான் உண்டு. வேன் முழுக்க வரவேண்டாம். மருத்துவமனையில் எத்தனை பேரை விடுவார்களோ அத்தனை பேர் போதும், மற்றவர்கள் நான் ஊர் திரும்பிய பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சத்தமாக அழட்டும். அந்த விதியை எல்லாம் சரோஜாவிடம் சொன்னால் நர்சம்மாவைவிடக் கண்டிப்பாக நடத்திக்காட்டுவாள். யார் இவர் என்று யாராவது உன்னைக் கேட்டால் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டாம். என் அத்தை என்று சொல். அது போதும்.

நீயும் வித்யாவும் இருக்கும்போது இன்னொரு ஆள் எதற்கு என்று உனக்குத் தோன்றும். நீங்கள் இருவரும் டாக்டரைப் பார்க்க ஓடுவீர்கள், மருந்துக்கு ஓடுவீர்கள், ரிப்போர்ட்டுக்கு ஓடுவீர்கள். அதெல்லாம் என்னால் ஆகாது, அதற்கு நீங்கள் வேண்டும். ஆனால் எதற்கும் ஓடாமல் என் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கவும் எனக்கு ஒரு ஆள் வேண்டும் கண்ணு. உன்னிடம் போனில் சொல்ல வராமல் போனது இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கம் கொடுப்பதை நினைத்தும் பயம், அதற்குப் பிறகு வரப்போகிற முடிவை நினைத்தும் பயம். உனக்குத் தைரியம் சொல்லியே பழகிவிட்டதால் இதை உன்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

உன் அத்தை சாயங்காலம் காட்டிலிருந்து வந்துவிடுவாள். போன் செய். எடுத்ததும் "நல்லாருக்கியா சாமி, கால் வலி இப்பத் தேவலையா?" என்றுதான் கேட்பாள். பழையதை எல்லாம் பேசி அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே, அவளுக்கு அது பிடிக்காது. அவள் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவும் மாட்டாள். நீயாகத்தான் சொல்ல வேண்டும். "வாங்க அத்தை, அம்மா பயப்படறாங்க" என்று மட்டும் சொல்.

அம்மா